வயிறு கண்டால் திற

பிப்ரவரி 6

மூடிக்கு,

கல்லூரியில் நீ வாயே திறக்காததால் நான் வைத்த பெயர். இப்போது பிழைப்பும் அதுவாகவே ஆகிவிட்டது. பெயர் வைத்தவளுக்கு உன் கம்பெனி ஒரு சால்வையாவது போர்த்தலாம்.

போன வாரம் போனை நீ பாதியில் வைத்தாய். அதற்கு முந்தைய வாரம் நான். இனி எழுதிக்கொள்வோம் என்று நீ சொன்னதில் ஒரு நன்மை தெரிகிறது. பேசினால் சண்டை உடனே வருகிறது. எழுதினால் வந்து சேர நாலு நாள் ஆகும்.

நீ அனுப்பிய கையேடு கிடைத்தது. பளபளப்பான தாள். ஒரு சாக்கடைக் குளம், அதன்மேல் கறுப்பு விரிப்பு, கரையில் பூச்செடிகள், மூக்கைப் பொத்தாமல் சிரிக்கும் ஒரு குடும்பம். அந்தக் குடும்பத்தை எங்கே பிடித்தீர்கள்? நாற்றம் தெரியாத ஆட்களாகப் பார்த்துப் பொறுக்கினீர்களா?

பேசி வைத்ததை நான் மறக்கவில்லை. ஓர் ஆண்டு நீ அங்கே, நான் இங்கே. அது முடிந்ததும் ஒருவர் வேலையை விட்டுவிட்டு மற்றவரிடம் போய்ச் சேர்வது. ஏப்ரலில் முடிகிறது. விடுவது யார் என்பதுதான் பாக்கி. ஊர் குடிப்பதை நான் பார்த்துக்கொள்கிறேன். ஊர் கழிப்பதை நீ பார்த்துக்கொள்கிறாய். இதில் எதை விடலாம் என்று ஒரு குழந்தையைக் கேட்டாலும் சொல்லிவிடும்.

இங்கே செய்தி எதுவும் இல்லை. செய்தி இல்லாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. நீர்த்தேக்கத்தின் மேல் விரித்த பிளாஸ்டிக் மூடி, தேய்த்த சட்டை மாதிரிப் படிந்து கிடக்கிறது. முன்பெல்லாம் இந்த ஊரைவிட வெயில்தான் அதிகம் குடித்தது. இப்போது வெயிலுக்கு ஒரு சொட்டு கிடையாது. நேற்று வடக்கு மூலையில் மட்டும் வயிறு. விரிப்புக்கு அடியில் காற்றுச் சேர்ந்து உப்பினால் எங்கள் காவலர்கள் வைத்த பெயர் அது. புதிதாக மாற்றலாகி வந்த காவலர் கரையெல்லாம் சுற்றி மூச்சிரைக்க என் அறைக்கு ஓடி வந்தார்.

"மேடம், வயிறு வந்திருக்கு. தெறந்து விடட்டுமா?"

"இங்க ஓடி வந்த நேரத்துக்குத் தெறந்தே இருக்கலாமே. வயிறு கண்டா தெற. கேட்டுக்கிட்டு நிக்காத."

வால்வைத் திறந்து காற்றை வெளியே விடு, இவ்வளவுதான் இங்கே சட்டம். உப்பின இடத்தில் காற்று மோதினால் விரிப்பு கிழியும். கிழிந்தால் மேலே தேங்கிய மழைத்தண்ணீர் பறவை எச்சத்தோடு ஊரின் வாய்க்குள் போகும். இதை உன் கையேட்டில் போட முடியாது. பூச்செடிக்குப் பக்கத்தில் நன்றாக இருக்காது.

உடம்பைப் பார்த்துக்கொள். கையை இரண்டு தடவை கழுவு.

தண்ணீர்க்காரி


பிப்ரவரி 15

தண்ணீர்க்காரிக்கு,

சண்டை பத்திரமாக வந்து சேர்ந்தது.

கையேட்டில் இருப்பது எங்கள் பம்ப் ஆபரேட்டரின் குடும்பம். படம் எடுக்கும்போது அவர் மனைவி கேட்டாள்: "மூக்கப் பொத்திக்கணுமா சார்?" வேண்டாம் என்றேன். "அப்புறம் எதுக்கு எங்களக் கூப்பிட்டீங்க?" என்றாள். உன்னைவிட நன்றாகக் கேட்டாள்.

ஊர் குடிப்பதை நீ பார்த்துக்கொள்வதாக எழுதியிருக்கிறாய். இல்லை. கிடப்பதைப் பார்த்துக்கொள்கிறாய். மலையிலிருந்து தண்ணீர் வருகிறது, உன்னிடம் படுக்கிறது, எழுந்து போகிறது. உன் மூடி அதற்குப் போர்வை. நோயாளியின் கட்டிலருகே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் உறவினர் வேலை.

இங்கே எதுவும் படுத்துக் கிடப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாதவை உள்ளே தின்றுகொண்டிருக்கின்றன. அவை விடும் மூச்சு விரிப்பைத் தூக்குகிறது. காலையில் கரையில் நின்றால் குளமே மூச்சு இழுத்துப் பிடித்த மாதிரி இருக்கும். அந்த மூச்சைக் கழுவி, குழாயில் விட்டு, குடியிருப்பில் நாற்பது வீட்டு அடுப்புக்குக் கொண்டுபோகிறேன். உன்னிடம் உப்பினால் கோளாறு. என்னிடம் உப்பாவிட்டால் கோளாறு.

முதல்நாள் அடுப்பு எரிந்தபோது சமைக்க ஆளில்லை. எரிவது எதிலிருந்து வருகிறது என்று எல்லாருக்கும் தெரியும். அதே பம்ப் ஆபரேட்டர் மனைவிதான் கெட்டிலை வைத்தாள். டீ போட்டு முதல் கோப்பையை என்னிடம் கொடுத்து, கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தாள். குடித்தேன். மறுநாள் எல்லா வீட்டிலும் அடுப்பு எரிந்தது.

ஒரு நாலு நாள் வா. பார். யார் விடுவது என்பதைப் பார்த்த பிறகு பேசுவோம்.

மூடி


மார்ச் 1

மூடிக்கு,

வருகிறேன். பதினெட்டாம் தேதி. அந்த டீயை எனக்குக் கொடுக்கக் கூடாது.

ஸ்டூல் உவமை நன்றாக இருந்தது. இரண்டு நாள் உட்கார்ந்து யோசித்திருப்பாய். நேரம் இருக்கிறது உனக்கு. சாக்கடைக்கு அவசரம் எது?

விடுப்பு கேட்டதும் எங்கள் தலைமைப் பொறியாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"எங்கம்மா போற?"

"வீட்டுக்காரர் இருக்கிற இடத்துக்கு சார்."

"என்ன பண்றாரு அவரு?"

"கழிவுநீர் சார்."

"ஐயோ பாவம்" என்றார். யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. வெளியே வந்து சிரித்தேன். நீ இருந்திருந்தால் நீயும் சிரித்திருப்பாய்.

உன் அம்மாவிடம் பேசினேன். "அவன் என்னமோ கேஸ் கம்பெனில இருக்கான்னு தானே எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன், நீ போய் ஒடைச்சுடாத" என்றார்கள். உடைக்கவில்லை. கேஸ் கம்பெனி. அழகான பெயர். உன் கம்பெனிக்குப் பெயர் வைக்கும் ஆட்களைவிட உன் அம்மா கெட்டிக்காரி.

பேருந்து மாலையில் வந்து சேரும். நாற்றத்தை வைத்து இடத்தைக் கண்டுபிடித்துக்கொள்வேன். நீ வந்து நிற்க வேண்டியதில்லை.

தண்ணீர்க்காரி


மார்ச் 24

தண்ணீர்க்காரிக்கு,

நீ மூன்றாம் நாள் மதியமே பேருந்து ஏறிவிட்டாய். அதன் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. எழுதுகிறேன்.

காலையில் என்ன நடந்தது என்பதை நீ எப்படிச் சொல்வாய் என்று எனக்குத் தெரியும். கரையில் நடந்தாய், விரிப்பு உப்பியிருந்தது, பக்கத்தில் வால்வு இருந்தது, திறந்தாய். வயிறு கண்டால் திற. உன் ஊரில் அது சரி.

நீ திறந்தது நாற்பது வீட்டின் காலைச் சமையல். அது பரவாயில்லை. காற்று போன திசையில், படிக்கட்டுப் பக்கம், வெல்டர் கைப்பிடிக் கம்பியை ஒட்டவைத்துக்கொண்டிருந்தான். முகமூடிக்குள் இருந்ததால் சத்தம் அவனுக்குக் கேட்கவில்லை. தீப்பொறிக்கும் வாயுவுக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருந்தது என்று நான் அளக்கவில்லை. ஓடிப்போய் அவனைத் தள்ளினேன். அவன் விழுந்து படியில் வாயை இடித்துக்கொண்டான். முன்பல் ஒன்று போய்விட்டது. பிறகுதான் வால்வை மூட வந்தேன். நீ இன்னும் கையை அதன்மேல் வைத்துக்கொண்டு நின்றாய். அதற்குள் ஆட்கள் கூடிவிட்டார்கள்.

அப்போது நீ சொன்னாய்: "ஒரு ஏப்பம் விட்டதுக்கா இவ்வளவு கூச்சல்?"

ஒருவரும் சிரிக்கவில்லை. நீ சுற்றிப் பார்த்தாய். இதற்குச் சிரிக்காதவர்கள் இருக்க முடியுமா என்கிற மாதிரி.

மதியம் வரை குடியிருப்பில் நாற்றம். குழந்தைகளை மைதானத்துக்கு அந்தப்பக்கம் கூட்டிப்போய் உட்காரவைத்தார்கள். இரண்டு பேர் வாந்தி எடுத்தார்கள். அடுப்புகள் மறுநாள்தான் எரிந்தன. பம்ப் ஆபரேட்டர் மனைவி வந்து கேட்டாள்.

"உங்க வீட்டம்மா இன்ஜினியர்னு சொன்னீங்களே சார்?"

"குடிதண்ணி இன்ஜினியர்."

"ஓ" என்றாள். ஒருவருக்கு இருக்கும் வியாதியின் பெயரைக் கேட்டால் சொல்வார்களே, அந்த ஓ.

மேலிடத்துக்கு நான் எழுதியது இது: பராமரிப்பின்போது கவனக்குறைவு, பொறுப்பு என்னுடையது. உன்னைப் பற்றி எழுதவில்லை. தியாகம் என்று நினைத்துக்கொள்ளாதே. வெளியாள் ஒருவர் வால்வில் கைவைக்கும் வரை நான் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று எழுதுவது இதைவிடக் கேவலம்.

மூடி


ஏப்ரல் 2

மூடிக்கு,

முதலில் வெல்டரின் பல். வருத்தம்தான். ஆனால் பல்லை உடைத்தது நீ. நான் காற்றை மட்டும்தான் விட்டேன்.

இரண்டாவது. திறக்கக்கூடாத ஒரு வால்வு, இடுப்பு உயரத்தில், பளிச்சென்று மஞ்சள் பெயின்ட் அடித்து, பூட்டில்லாமல், ஒரு பலகைகூட இல்லாமல் நிற்கிறது. எங்கள் இடத்தில் கழிப்பறைக் கதவுக்குக்கூடப் பலகை உண்டு. நாற்பது வீட்டு அடுப்பைத் தொங்கவிடும் ஆணியை இப்படித்தான் அடித்து வைப்பாயா? கையேட்டுக்குச் செலவழித்த பெயின்டில் கொஞ்சம் மிச்சம் பிடித்து "தொடாதே" என்று எழுதியிருக்கலாம்.

மூன்றாவது. நீ என்னைத் தாண்டி ஓடினாய். என் தோளில் இடித்துக்கொண்டே ஓடினாய். தீப்பிடித்திருந்தால் முதலில் எரிந்திருப்பவள் வால்வுக்குப் பக்கத்தில் நின்ற நான். பொறியாளராக நீ செய்தது சரி. பொறி இருக்கும் இடத்துக்குத்தான் முதலில் ஓட வேண்டும். சரி என்று எனக்குத் தெரிந்ததால்தான் அதை உன்னிடம் கேட்க முடியவில்லை. பேருந்து ஏறினேன்.

பம்ப் ஆபரேட்டர் மனைவிக்கு என் ஓ-வைச் சொல். முதல்நாள் மாலை அவள் என் புடவையைத் தொட்டுப் பார்த்து, "இவ்வளவு வெள்ளையா இங்க கட்டக்கூடாதுக்கா, பொகை படியும்" என்றாள். அக்கா என்று கூப்பிட்டுவிட்டுத்தான் சொன்னாள். அதற்குள் என்னை அங்கே குடிவைத்துவிட்டாள் அவள்.

வீடு நீ சொன்ன அளவுக்கு மோசம் இல்லை. அடுக்களை ஜன்னல் மேற்கே பார்க்கிறது. குளம் தெரியாது. இதைச் சொல்ல வேண்டாம் என்றிருந்தேன்.

ஏப்ரல் வந்துவிட்டது. பேச வேண்டியதைப் பேசு. ஏப்பத்தையே எத்தனை நாள் பேசுவாய்?

தண்ணீர்க்காரி


ஏப்ரல் 10

தண்ணீர்க்காரிக்கு,

பேசுகிறேன்.

பலகை வைத்தாயிற்று. பூட்டும் போட்டாயிற்று. அந்த இரண்டிலும் நீ சொன்னது சரி. வால்வைப் பற்றி எனக்கு உன்மேல் கோபம் இல்லை. பழகின கை. நானும் உன் கரையில் நடந்திருந்தால் உப்பின இடத்தைப் பார்த்து மகிழ்ந்துபோய் நின்றிருப்பேன்.

ஆனால் நான் கூப்பிடு தூரத்தில்கூட இல்லை, அதைவிடப் பக்கத்தில் நின்றேன். திரும்பி, "இது என்னடா?" என்று கேட்டிருக்கலாம். மூன்று நாளில் நீ ஒரு கேள்வி கேட்கவில்லை. கழுவும் தொட்டியைக் காட்டினேன். "ம்" என்றாய். அழுத்த மானியைக் காட்டினேன். செருப்பில் ஒட்டியதைக் கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தாய். கேட்பதற்கு இங்கே ஒன்று இருக்கும் என்றே உனக்குத் தோன்றவில்லை. அதனால்தான் உன் கை அவ்வளவு சுலபமாகத் திறந்தது.

எட்டு வருடமாக நீ பேசுவதைக் கிண்டல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நானும் பதிலுக்குப் பேசினேன். நன்றாகத்தான் இருந்தது. இரண்டு பேருக்கும் அது தெரிந்த விளையாட்டு என்று நம்பினேன். வால்வின்மேல் கையோடு நீ சுற்றிப் பார்த்தாயே, அப்போது தெரிந்தது. விளையாடியது நான் மட்டும். நீ நினைத்ததைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாய்.

"ஐயோ பாவம்" என்று உங்கள் தலைமைப் பொறியாளர் சொன்னதற்கு நான் சிரித்திருக்க மாட்டேன். அப்போதே எழுதியிருக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உன்னை நான் கூப்பிட்டது இங்கே வந்து இருப்பதற்கு அல்ல. நீ வருவாய் என்று ஒருநாளும் எதிர்பார்க்கவில்லை. விட்டுவிட்டு வருவது நான் என்று ஜனவரியிலேயே முடிவு செய்துவிட்டேன். உங்கள் ஊரில் ஒரு தனியார் கம்பெனியில் பேசியும் வைத்திருந்தேன், மாடிக்கு மாடி தண்ணீர் ஏற்றும் பம்ப் விற்கும் வேலை. அதற்கு முன் நீ இதை ஒருதரம் பார்க்க வேண்டும் என்று இருந்தது. நான் எதை விட்டுவிட்டு வருகிறேன் என்று உனக்குத் தெரிந்திருந்தால் போதும். அந்த பம்பை ஆயுள் முழுக்க விற்றிருப்பேன்.

நீ வந்தாய். பார்த்தாய்.

அந்தக் கம்பெனிக்குச் சொல்லிவிட்டேன், வரவில்லை என்று.

மூடி


மே 29

மூடிக்கு,

பதில் எழுதவில்லை. நாலு தடவை ஆரம்பித்தேன். எல்லாம் நன்றாகத்தான் வந்தது, அதனால் கிழித்தேன்.

ஒரு விஷயம். தென்கரைப் பக்கம் பத்து நாளாக வயிறு. திறந்தோம். எதுவும் வரவில்லை. எல்லா வால்வையும் திறந்தோம். காற்று வரவில்லை, சத்தம் இல்லை, உப்பல் இறங்கவில்லை. கம்பு விட்டுப் பார்த்ததில் விரிப்புக்கு அடியில் தண்ணீர் சாணளவுதான் இருக்கிறது, அதற்குக் கீழே மெத்தென்று ஏதோ இடிக்கிறது. அங்கே நாலு ஆள் ஆழம் இருக்க வேண்டும். குளத்தின் தரையே எழுந்து வந்த மாதிரி இருக்கிறது. தலைமைப் பொறியாளர், "இறங்கிடும்மா, வெயில்தான்" என்கிறார். காவலர்கள் என் முகத்தைப் பார்க்கிறார்கள். நான் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது ஒரே ஒரு வாக்கியம். அது வேலை செய்யவில்லை.

நேற்று மாலை அந்த மூலையில் நின்றேன். மெல்லிய ஒரு நாற்றம். எனக்குத் தெரிந்த நாற்றம். உன் கரையில் மூன்று நாள் மூக்கைச் சுளித்துக்கொண்டு சுவாசித்தது.

கேட்கிறேன். இது என்ன? குடிதண்ணீருக்கு அடியில் இது எப்படி வந்தது? திறந்து விட்டதும் இறங்காத வயிற்றை என்ன செய்வது? பார்த்தாயா, மூன்று கேள்வி.

இந்த ஊரில் இதைக் கேட்க எனக்கு ஆள் கிடையாது. ஆள் கிடைத்தாலும் உன்னைத்தான் கேட்டிருப்பேன். எழுதிக்கொண்டிருக்காதே. வா. பேருந்து நிலையத்தில் வந்து நிற்கிறேன்.

கழுவும் தொட்டியில் என்ன போடுகிறாய்? போன தடவை திரும்பும் வழியெல்லாம் அதை யோசித்துக்கொண்டே வந்தேன். கேட்கத்தான் இல்லை.

தண்ணீர்க்காரி


ஜூன் 3

மதிப்பிற்குரிய பொறியாளர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் மே 29 கடிதம் கிடைத்தது. தபால் தாமதமாகும் என்பதால் இதன் நகலைத் தங்கள் அலுவலகத்துக்கு மின்னஞ்சலிலும் அனுப்பியிருக்கிறேன். நிலைமையைத் தெளிவாக விவரித்திருக்கிறீர்கள்.

உப்பியிருப்பது மேல்மூடி அல்ல. குளத்தின் தரையில் விரித்திருக்கும் அடித்தாள். அதற்குக் கீழே வாயு சேர்ந்து, தாளைத் தூக்கிக்கொண்டு மேலே வந்திருக்கிறது. அதனால்தான் மேலே எந்த வால்வைத் திறந்தும் பயனில்லை. குளம் வெட்டியபோது வேரும் தழையும் முழுவதும் அகற்றாமல் விட்டிருப்பார்கள். அடித்தாளில் எங்கோ கசிவு இருக்கிறது. ஈரம் பட்டதும் அவை அழுக ஆரம்பித்திருக்கின்றன. எங்கள் குளத்தில் நாங்கள் வேண்டுமென்றே செய்வது உங்கள் குளத்துக்கு அடியில் தானாக நடக்கிறது.

நாற்றம் மேலே தெரிவதால் கசிவு இரு வழியாகவும் இருக்கலாம். அந்தக் குளத்திலிருந்து ஊருக்குப் போகும் குழாயை இன்றே அடைத்துவிடுங்கள். தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். பரிசோதனை முடிவு வரும்வரை யார் சொன்னாலும் திறக்க வேண்டாம். நீர்மட்டத்தை அவசரமாக இறக்காதீர்கள், தாள் இன்னும் எழும்பும். உப்பலைக் குத்த வேண்டாம். கரையில் நெருப்பு, வெல்டிங், புகைபிடித்தல் கூடாது. காவலர்களை அந்தப் பக்கம் தனியாக அனுப்பாதீர்கள்.

இந்த வேலையில் பழக்கமுள்ள இருவரை எங்கள் பிரிவிலிருந்து வாயு மானியோடு அனுப்புகிறோம். வியாழன் காலை வந்து சேர்வார்கள். அவர்களில் மூத்தவர் எங்கள் பம்ப் ஆபரேட்டர். நீங்கள் அவரைப் பார்த்திருக்கிறீர்கள். பேருந்து நிலையத்துக்கு யாரும் வர வேண்டாம். இடத்தை அவர்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள். நான் இங்கிருந்து வர இயலாது.

கழுவும் தொட்டியில் இரும்புத்தூள் போடுகிறோம். வாயுவின் நாற்றத்தை அது பிடித்து வைத்துக்கொள்ளும். நிறைந்ததும் மாற்ற வேண்டும்.

கேட்டதற்கு நன்றி.

இப்படிக்கு,
உதவிப் பொறியாளர்
வாயுப் பிரிவு